கண்டெடுப்பவர் கையில் இருந்து உங்கள் கைக்கு: மாடல் ராக்கெட்டில் லேபிள் ஒட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

ராக்கெட்டைத் தொலைத்தவருக்கு அது எங்கே கிடக்கிறது என்று தெரியாது. கண்டெடுத்தவருக்கோ அது என்னவென்றே தெரியாது. இருவரையும் சேர்த்து வைக்க ஒரு சின்ன லேபிள் போதும். ஆனால் அந்த லேபிள் வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பார்த்தவுடன் புரியவும் வேண்டும்.

நான் கட்டிய மூன்றாவது ராக்கெட்டின் உடலில் கறுப்பு மார்க்கரால் என் கைபேசி எண்ணை எழுதியிருந்தேன். முதல் நாளே அந்த ராக்கெட் காற்றோடு போய்விட்டது. ஐந்து மாதம் கழித்து வேறொரு ராக்கெட்டைத் தேடிப் போனபோது, அந்தப் பழைய ராக்கெட்டை யாரோ ஒரு வேலிக் கம்பத்தில் பாராசூட்டைச் சுற்றிக் கட்டிப் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மற்றவை வெளுத்துப் போயிருந்தன. எடுத்தவருக்குத் திருப்பித் தர மனம் இருந்திருக்கிறது. நான்தான் அவருக்கு வழி செய்து வைக்கவில்லை. அன்றிலிருந்து பாராசூட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை லேபிளுக்கும் கொடுக்கிறேன்.

எவ்வளவு தூரம் போகும்?

லேபிள் எதற்கு, கண்ணெதிரேதானே விழப்போகிறது என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாராசூட்டில் இறங்கும் ராக்கெட் கிட்டத்தட்ட காற்றின் வேகத்திலேயே பக்கவாட்டில் நகரும். ஆகவே இறங்கும் நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் அது போகும் தூரம் கிடைக்கும்.

150 மீட்டர் உயரத்தில் பாராசூட் விரிகிறது, நொடிக்கு 4 மீட்டர் வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட ஏறக்குறைய 38 நொடி ஆகும். காற்று மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால், ராக்கெட் சுமார் 190 மீட்டர் தள்ளிப் போய் விழும். அதே ராக்கெட் 300 மீட்டர் ஏறினால் 375 மீட்டர். இத்தனைக்கும் மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது இலைகளையும் சிறு கிளைகளையும் அசைக்கும் சாதாரணக் காற்றுதான்.

மோட்டாரை மாற்றும்போது இது இன்னும் பெரிதாகும். மோட்டார் வகை ஒவ்வொரு எழுத்து ஏறும்போதும் மொத்த உந்தத்தின் உச்ச வரம்பு இரு மடங்காகிறது: ஏ வகைக்கு 2.5 நியூட்டன் நொடி, பி வகைக்கு 5, சி வகைக்கு 10. ஏ மோட்டாரில் மைதானத்துக்குள்ளேயே விழுந்த ராக்கெட்டில் முதன்முதலாக சி மோட்டாரைப் போடும் நாளில்தான் அநேகம் பேர் ராக்கெட்டைத் தொலைக்கிறார்கள். பாராசூட்டின் நடுவில் ஓட்டை வெட்டலாம், பாராசூட்டுக்குப் பதில் நீள ரிப்பன் கட்டலாம், ராக்கெட்டைத் தாங்கி ஏவும் தண்டைக் காற்று வரும் திசைக்குச் சற்றே சாய்க்கலாம். எல்லாம் நல்ல வழிகள்தான். ஆனால் இவை தூரத்தைக் குறைக்குமே தவிர, தொலைந்ததைத் திருப்பித் தராது.

படி 1: என்ன எழுதுவது

எழுத உட்காருமுன் கண்டெடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், ஆடு மேய்ப்பவராக இருக்கலாம், விளையாடப் போன சிறுவனாக இருக்கலாம். கூர்மையான மூக்கும் பின்னால் இறக்கைகளும் அடியில் கருகிய ஓட்டையும் உள்ள ஒரு குழாயை அவர் பார்க்கிறார். முதலில் அவருக்கு வருவது பயம். பயம் தெளியாதவரை தொலைபேசி எண் அவர் கண்ணில் படாது. பட்டாலும் அழைக்க மாட்டார். அதனால் லேபிளின் முதல் வரி அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வானிலைக் கருவிகளை பலூனில் பறக்கவிடுபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் ரேடியோசாண்ட் பெட்டிகளில் 'தீங்கற்ற வானிலைக் கருவி' என்ற வாசகத்தை அச்சிடுவது வழக்கம். அது யாருடையது என்பதைவிட, பயப்படத் தேவையில்லை என்பதே எடுத்தவருக்கு முதலில் தெரிய வேண்டியது.

நான் இப்போது எழுதுவது இப்படி:

இது பொழுதுபோக்கு ராக்கெட். ஆயுதம் அல்ல.
கண்டெடுத்தால் தயவுசெய்து அழையுங்கள்: (எண்)
நெருப்பருகே வைக்க வேண்டாம்.
மரத்திலோ மின்கம்பியிலோ சிக்கியிருந்தால் எடுக்க முயல வேண்டாம். இடத்தைச் சொன்னால் போதும்.
நன்றி. (பெயர்)

'ஆபத்தே இல்லாதது' என்று நான் எழுதுவதில்லை. ஒற்றை மோட்டார் ராக்கெட் என்றால் தரைக்கு வரும்போது மோட்டார் பெரும்பாலும் எரிந்து முடிந்திருக்கும். ஆனால் இரண்டு அடுக்கு ராக்கெட்டில் மேல் அடுக்கு பற்றாமலே விழுந்திருக்கலாம். பல மோட்டார்களைச் சேர்த்துக் கட்டியதில் ஒன்று பற்றாமல் விட்டிருக்கலாம். அப்போது எரியாத மோட்டார் உள்ளே இருக்கும். மின்னணுக் கருவியால் பாராசூட்டை வெளியே தள்ளும் பெரிய ராக்கெட்டுகளில் வெடிக்காத மருந்துப் பொதி மிச்சமிருக்க வாய்ப்புண்டு. அத்தகைய ராக்கெட்டுகளுக்கு 'உள்ளே எரியும் பொருள் இருக்கலாம். திறக்க வேண்டாம், அழையுங்கள்' என்ற வரியைச் சிவப்பில் சேர்த்தே ஆக வேண்டும். ராக்கெட் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, எடுத்தவரின் விரல்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

எண்ணை எழுதும்போது நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். இலக்கங்களை மூன்று நான்காகப் பிரித்து இடைவெளி விடுங்கள். கையெழுத்தில் 1-ம் 7-ம், 0-ம் 6-ம் குழம்பும். பாதி அழிந்த பிறகு இன்னும் குழம்பும். இலக்கத்தின் உயரம் 8 மி.மீ. இருந்தால் நல்லது, 5 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். மற்ற வாசகங்கள் சிறிதாக இருக்கலாம். முடிந்தால் இரண்டாவதாக இன்னொருவரின் எண்ணையும் சேருங்கள், ஏனென்றால் கைபேசி எண் மாறிப்போவது சாதாரணம். மொழியைப் பொறுத்தவரை, ராக்கெட் விழக்கூடிய இடத்தில் வாழ்பவர்களின் மொழி முதலில், உங்கள் மொழி அடுத்து. படிக்கத் தெரியாதவருக்காக எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசிப் படம் வரைந்தால் அதுவும் உதவும்.

சன்மானம் உண்டு என்று எழுதலாமா? எழுதலாம், கொடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும். தொகையைக் குறிப்பிடாதீர்கள். 'வந்தால் ஒருமுறை பறக்கவிட்டுக் காட்டுகிறேன்' என்ற வரி குழந்தைகள் உள்ள வீடுகளில் பணத்தைவிட நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: என்ன எழுதக் கூடாது

சிறுவர்களின் ராக்கெட்டில் அவர்களின் முழுப்பெயர், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் எதுவும் வேண்டாம். பெற்றோர் அல்லது குழுப் பொறுப்பாளரின் எண்ணும், அடையாளத்துக்கு ராக்கெட்டின் பெயரும் போதும். பெரியவர்களுக்கும் வீட்டு முகவரி தேவையில்லை என்பதே என் கருத்து. யார் கையில் கிடைக்கும் என்று தெரியாத பொருளில் வீட்டுக்கு வழி எழுதி வைப்பது சரியல்ல.

போட்டியில் கலந்துகொள்பவர்கள் விதிப்படி உரிம எண்ணை ராக்கெட்டின் வெளிப்புறத்தில் எழுதியிருப்பார்கள். அது நடுவருக்கான எண். வயலில் எடுத்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொலைபேசி எண்ணையும் தனியாக எழுதுங்கள்.

படி 3: எதில் எழுதுவது

என் பழைய ராக்கெட் தோற்றது இங்கேதான். 'பர்மனென்ட்' என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான மார்க்கர்களின் மையில் இருப்பது சாயம். அது தண்ணீரில் கரையாது, ஆனால் வெயிலில் வெளுக்கும். சிவப்பு முன்னதாகவே போய்விடும். கறுப்பு கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பிறகு பழுப்பாகி மறையும். இன்க்ஜெட் பிரிண்டரின் சாய மை மழை பட்டாலே ஊறிப் பரவிவிடும்.

நிலைத்து நிற்பது கரி. லேசர் பிரிண்டரின் கறுப்புத் தூள் காகிதத்தில் உருகி ஒட்டுவது, தண்ணீரில் கலையாது. கரியால் செய்த இந்திய மையும் அப்படியே. கையில் ஒன்றும் இல்லையென்றால் பென்சிலை எடுங்கள். கிராஃபைட் வெயிலிலும் வெளுக்காது, தண்ணீரிலும் கரையாது. அதன் மேல் தெளிவான டேப் ஒட்டிவிட்டால் மார்க்கரைவிடப் பல மாதம் கூடுதலாகத் தாங்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அலுமினிய ஃபாயில் டேப். ஒரு துண்டு வெட்டி, பின்தாளை உரிக்காமல், மெத்தென்ற அட்டையின் மேல் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மை அழிந்தாலும் எழுத்தின் பள்ளம் அப்படியே இருக்கும். மை இல்லாத பேனாகூடப் போதும். இரண்டு எச்சரிக்கைகள்: தடிமனான உலோகத் தகட்டைப் பயன்படுத்தாதீர்கள், மாடல் ராக்கெட்டின் மூக்கு, உடல், இறக்கை எல்லாம் உலோகமில்லாமல் இலேசாக இருக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாதுகாப்பு விதி. இன்னொன்று, உள்ளே ஜிபிஎஸ் அல்லது ரேடியோ டிராக்கர் இருந்தால் ஃபாயிலை அதற்கு அருகில் ஒட்டாதீர்கள், சிக்னலை மறைத்துவிடும்.

படி 4: எங்கே ஒட்டுவது

ஒரே இடத்தில் ஒட்டினால் போதாது. ராக்கெட் துண்டுகளாகத்தான் தொலையும். மூக்கையும் உடலையும் இணைக்கும் ஷாக் கார்டு என்ற கயிறு அறுந்தால் மூக்கு பாராசூட்டோடு ஒரு பக்கம் போகும், உடல் நேராக வேறு பக்கம் விழும். எனவே தனியாகப் பிரிந்து போகக்கூடிய ஒவ்வொரு பாகத்துக்கும் தனி லேபிள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கு ராக்கெட்டில் கீழ் அடுக்கு எப்போதுமே தனியாக விழும். அதை மறப்பவர்கள் நிறைய.

உடல் குழாயின் வெளிப்புறம் முதல் இடம். பார்த்தவுடன் தெரிவது இதுதான். எழுத்து குழாயைச் சுற்றி ஓடாமல் நீளவாக்கில் ஓடட்டும். 25 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு சுமார் 79 மி.மீ.தான், ஒரே பார்வையில் வசதியாகப் படிக்கக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணைச் சுற்றி எழுதினால் கண்டெடுத்தவர் ராக்கெட்டை உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும், சேற்றில் கிடந்ததென்றால் பாதி எண் தேய்ந்தே போயிருக்கும். மோட்டார் இருக்கும் கடைசிப் பகுதியைத் தவிர்த்து விடுங்கள். அங்கே சூடும் புகைக்கரியும் அதிகம்.

இரண்டாவது இடம் பலருக்குத் தோன்றாது: நோஸ் கோனின் கழுத்து, அதாவது குழாய்க்குள் இறங்கி உட்காரும் பகுதி. கிடங்கில் வைக்கும்போது வெயில் படாது, கையில் தேயாது. விழுந்தபின் மூக்கு திறந்து கிடப்பதால் எடுத்தவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் லேபிளின் தடிமன் கழுத்தை இறுக்கிவிடும். மூக்கு இறுகினால் பாராசூட் வெளியே வராது. எனவே இங்கே லேபிள் ஒட்டுவதைவிட நேராக எழுதி வார்னிஷ் பூசுவதே மேல். பூசிக் காய்ந்தபின் சோதித்துப் பாருங்கள்: ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மூக்கு தானாக நழுவி விழக் கூடாது, இரண்டு விரலால் இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள பிளாஸ்டிக் மூக்கு என்றால் சின்ன ஜிப் பையில் ஒரு சீட்டைச் சுருட்டி உள்ளே வைக்கலாம்.

மூன்றாவது, பாராசூட். பிளாஸ்டிக் தாளில் மார்க்கர் நன்றாகவே பிடிக்கும். மடித்து உள்ளே இருப்பதால் வெயிலும் படாது. எழுதியவுடன் மடித்துவிடாதீர்கள், மை காயாமல் ஒட்டிக்கொண்டால் வானத்தில் விரியாது.

நான்காவது, ஷாக் கார்டில் ஒரு சிறு ரிப்பன். நைலான் நாடாவோ, கூரியர் உறைகளில் வரும் கிழியாத டைவெக் தாளோ பொருந்தும். இவை சூட்டில் உருகும் பொருட்கள், ஆகவே மூக்குப் பக்க முனையில், வாடிங்கை, அதாவது பாராசூட்டைச் சூட்டில் இருந்து காக்கும் தாளைத் தாண்டி மேலே கட்டுங்கள்.

உயரமானி உள்ள ராக்கெட்டின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருக்கும். காற்றழுத்தம் உள்ளே தெரிய அவை திறந்திருக்க வேண்டும். லேபிளோ டேப்போ அவற்றை மூடிவிட்டால் கருவி உயரத்தைத் தவறாகக் கணிக்கும். பாராசூட்டை அந்தக் கருவியே வெளியே தள்ளுவதானால், அது தவறான நேரத்தில் வெளியே வரும்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணக் காகிதத்தில் 3 செ.மீ. அகலமும் 6 செ.மீ. நீளமும் உள்ள துண்டின் எடை 0.14 கிராம். பசையும் மேல் டேப்பும் சேர்ந்தாலும் அரை கிராமைத் தாண்டாது. இருந்தாலும் எல்லா லேபிளையும் வால் பக்கம் குவிக்காதீர்கள். ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளிக்கு) முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவு தள்ளி இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும். மிகச் சிறிய ராக்கெட்டுகளில் வாலில் சேரும் ஒவ்வொரு கிராமும் கணக்கில் வரும்.

படி 5: ஒட்டி மூடுவது

மேற்பரப்பைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். பூச்சில்லாத பால்சா மரத்தில் எந்த லேபிளும் நீண்ட நாள் ஒட்டாது. முதலில் சீலர் பூசுங்கள். மெழுகுபோல வழவழக்கும் பாலிஎத்திலீன் மூக்கில் டேப் நிற்காது, அங்கே நேராக எழுதுவதுதான் ஒரே வழி. லேபிளின் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டுங்கள், கூரான மூலைதான் முதலில் உரியும்.

அதன் மேல் புத்தகத்துக்கு அட்டை போடும் ஒளிபுகும் தாளை, லேபிளைவிட எல்லாப் பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். சாதாரண செல்லோடேப் வெயிலில் மஞ்சளித்து நொறுங்கும். ஸ்ப்ரே வார்னிஷ் பூசுவதானால் முதலில் ஒரு வேண்டாத துண்டில் சோதியுங்கள்: வார்னிஷில் உள்ள கரைப்பான் மார்க்கர் மையைக் கரைத்து ஓடவிடும். மெல்லிய பனிபோல இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டால் தப்பிக்கலாம்.

படி 6: க்யூஆர் கோடு வேண்டுமா?

கூடுதலாக இருக்கட்டும். எண்ணுக்குப் பதிலாக வேண்டாம். ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994-ல் கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இந்தக் கோடு. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். ராக்கெட்டுக்கு அந்த நிலையையே தேர்ந்தெடுங்கள். இணைய முகவரியை வைப்பதைவிட தொலைபேசி எண்ணையே கோடுக்குள் வையுங்கள், இணையம் இல்லாத வெட்டவெளியிலும் வேலை செய்யும். இலவசச் சுருக்க முகவரிகள் ஒருநாள் செத்துப்போகும். வளைந்த குழாயில் கோடு படியாது: 25 மி.மீ. குழாயில் 20 மி.மீ. சதுரம் ஒட்டினாலே அது சுற்றளவில் கால்வாசியைச் சுற்றிக்கொள்ளும். தட்டையான இறக்கைதான் அதற்கு இடம்.

படி 7: கேமரா இருந்தால்

மெமரி கார்டில் 'கண்டெடுத்தவருக்கு' என்ற பெயரில் ஒரு படக்கோப்பு வைத்து, அதில் உங்கள் எண்ணைப் பெரிதாக எழுதி விடுங்கள். ஏவுவதற்கு முன் கேமராவை ஓடவிட்டு லேபிளை அதன் முன் சில நொடி காட்டுங்கள். ராக்கெட் உடைந்து கேமரா மட்டும் கிடைத்தாலும், எடுத்தவர் காணொளியைத் திறந்தவுடன் உங்கள் எண்ணைப் பார்ப்பார். கேமராவின் மேலும் ஒரு சின்ன லேபிள் ஒட்டுங்கள்.

படி 8: ஏவும் நாளில்

லேபிள்களைத் தெளிவாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் எண்ணை இன்னொரு கைபேசியில் இருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் தவறி எழுதிய ராக்கெட் பல வருடம் பறந்த கதையும் உண்டு. காற்று போகும் திசையில் யாருடைய நிலம் இருக்கிறது என்று பார்த்து, முன்கூட்டியே போய்ச் சொல்லி, உங்கள் எண்ணுள்ள ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எல்லா லேபிளையும்விட அதிக ராக்கெட்டுகளை மீட்டுத் தந்தது எனக்கு இந்தப் பழக்கம்தான்.

படி 9: அழைப்பு வந்தால்

தெரியாத எண் என்று துண்டித்துவிடாதீர்கள். முதலில் நன்றி. அடுத்து, ராக்கெட் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ மாட்டியிருந்தால், எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். உயர மரம், மின்கம்பி போன்ற ஆபத்தான இடங்களில் இருந்து ராக்கெட்டை எடுக்க முயலக் கூடாது என்பது அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. நமக்கு உதவ வந்தவருக்கும் அது பொருந்தும். கம்பியில் சிக்கியிருந்தால் மின்துறைக்குச் சொல்லுங்கள்.

மோட்டாரைத் தொடாமல் நிழலில், அடுப்பில் இருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள்; மோட்டார் உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நீங்களே நேரில் போங்கள். பயிர் நிற்கும் நிலமென்றால் உரிமையாளர் காட்டும் வழியில் மட்டும் நடங்கள். கூட இன்னொரு ராக்கெட்டையும் சில மோட்டார்களையும் எடுத்துப் போனால், பறக்கவிட்டுக் காட்டுவதாக லேபிளில் கொடுத்த வாக்கை அவர் சொல்லும் திறந்தவெளியில் நிறைவேற்றலாம்.

வீட்டுக்கு வந்ததும், ராக்கெட்டை அலமாரியில் வைப்பதற்கு முன், அந்த லேபிள் எப்படித் தாங்கியிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். எந்த மூலை உரிந்தது, எந்த இலக்கம் வெளுத்தது, கண்டெடுத்தவர் எதைப் பார்த்து அழைத்தார் என்று ஒரு நோட்டில் குறித்துவிட்டு, புது லேபிளை அன்றே ஒட்டிவிடுங்கள்.